கோகோலா, ஹோஹொலா? யார் வீட்டு எழுத்தாளர்?

கோப்லென்ஸ்வாசி எழுதியது:

போன வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒரே ஒரு சொல்லால் வசமாக மாட்டிக்கொண்டேன். எங்கள் குழுவில் உக்ரைனின் பொல்தாவா பக்கத்துப் பெண்மணி ஒருவர் இருக்கிறார், 2022இல் மகனைக் கூட்டிக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தவர். ஊர்ப் பெயரைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்குமா? "அட, கோகோல் பிறந்த பக்கமாச்சே! எனக்கு ரொம்பப் பிடித்த ரஷ்ய எழுத்தாளர்" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை, உச்சரிப்பைத் திருத்தும் டீச்சர் மாதிரி "ஹோஹொல்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி சூப்பைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். மனிதர் பிறந்தது 1809, பொல்தாவா அருகே சொரோச்சின்ட்சி. ரஷ்யப் பேரரசு. எழுதியது முழுக்க ரஷ்ய மொழியில். உக்ரைன்காரர்கள் மிக்கோலா ஹோஹொல் என்கிறார்கள், ரஷ்யர்கள் நிகலாய் கோகோல் என்கிறார்கள்.

இதில் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. நான் இருக்கும் கோப்லென்ஸிலிருந்து ரயில் ஏறினால் அரை மணிக்குள் பாட் எம்ஸ் வந்துவிடும், லான் ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள அழகான ஊர். மாமியார் வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்திருக்கிறேன். 1876இல் அங்கே ஓய்வெடுக்க வந்த ரஷ்யப் பேரரசர், சார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர், வந்த இடத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாராம். உக்ரைன் மொழிப் புத்தகங்களை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, அந்த மொழியில் நாடகம் போடக் கூடாது, இசைத்தாளில் பாட்டு வரிகூட அச்சிடக் கூடாது. கதை கவிதைக்கு மட்டும் தணிக்கையின் அனுமதி கிடைக்கலாம், அதையும் ரஷ்ய எழுத்துக்கூட்டலில்தான் எழுத வேண்டும். இதற்கு எம்ஸ் ஆணை என்றே பெயர். உடம்புக்கு நல்லது என்று தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் ஒரு மொழியின் கழுத்தை நெரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆக, தாய்மொழியில் எழுதவே முடியாத நிலையில்தான் கோகோல் ரஷ்ய மொழிக்குப் போனார், அவர் உக்ரைன் எழுத்தாளர்தான், என்னைத் திருத்தியது சரிதான் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மாம்பலம் ரயில் எழுதியது:

எல்லாம் அரசியல் சார். கலைக்கு ஏது நாடு, பாஸ்போர்ட்? மனிதர் நல்லா எழுதினாரா, நாம் படித்தோமா, போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். இப்படி ஆளாளுக்கு எழுத்தாளரைப் பங்கு போட ஆரம்பித்தால் சொத்துத் தகராறு மாதிரி தலைமுறை தலைமுறையாக இழுக்கும்.

நூலகப்பூனை எழுதியது:

கோப்லென்ஸ் அண்ணா, உங்கள் முடிவில் பாதியை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கணக்கு உதைக்கிறது. கோகோல் இறந்தது 1852இல். எம்ஸ் ஆணை 1876. அதற்கு முந்தைய தடையான வலூயெவ் சுற்றறிக்கையே 1863இல்தான் வருகிறது ("சின்ன ரஷ்ய மொழி என்று தனியாக ஒன்று இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது" என்ற பேர்போன வாசகம் அதில்தான் இருக்கிறது; சின்ன ரஷ்யா என்றால் அன்றைய வழக்கில் உக்ரைன்). கோகோலை யாரும் தடுக்கவில்லை. அதே பொல்தாவாவில் கொத்லியாரெவ்ஸ்கி என்பவர் லத்தீன் காவியமான ஈனியட்டைக் கேலிக்காவியமாக்கி, ட்ராய் வீரர்களைக் கொசாக்குகளாக்கி (உக்ரைனின் குதிரைப் போர்வீரர்கள்), பேச்சு உக்ரைன் மொழியில் எழுதினார். அது பீட்டர்ஸ்பர்க்கில் அச்சேறியது 1798இல், கோகோல் பிறப்பதற்கு 11 வருடம் முன்னால். கோகோலின் அப்பாவே உக்ரைன் மொழியில் நகைச்சுவை நாடகம் எழுதியவர். அப்பாவின் நாடக வரிகளையும் கொத்லியாரெவ்ஸ்கி வரிகளையும் மகன் தன் சொரோச்சின்ட்சி சந்தைக் கதையில் அத்தியாயத் தலைப்புக்குக் கீழே போட்டுக்கொண்டார். மொழி வீட்டிலேயே இருந்தது. அதில் எழுதவும் முடிந்தது. அவர் எழுதவில்லை.

ஏன் என்று கேட்டால், என் பார்வையில் அது பிழைப்பு. பத்தொன்பது வயதில் பீட்டர்ஸ்பர்க் போகிறார், கையில் காசில்லை. 1829இல் அம்மாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. நம் ஊர்க் கல்யாணம் எப்படி நடக்கும், கோயில் மணியக்காரர் என்ன உடை போடுவார், பேய் பிசாசுக் கதைகள் என்னென்ன, எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பு, இங்கே எல்லாருக்கும் சின்ன ரஷ்ய விஷயம் என்றால் ஒரே ஆர்வம் என்கிறார். அம்மா அனுப்பிய சரக்கு திகான்கா கதைகளாக 1831, 32இல் வந்து தலைநகரமே சிரித்தது. ஊர் வாசனையை ஊருக்கு வெளியே விற்றார் என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கும், ஆனால் பொய்யில்லை.

அவருக்கே இதில் குழப்பம் இருந்தது. 1844இல் ஒரு தோழிக்கு, என் ஆன்மா உக்ரைன்காரனுடையதா ரஷ்யனுடையதா என்று எனக்கே தெரியவில்லை என்ற பொருளில் எழுதினார். அவருடைய தாராஸ் புல்பா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1835 வடிவத்தில் அது கொசாக் கதை. 1842இல் திருத்தி விரித்து எழுதியபோது ரஷ்ய மண், ரஷ்ய மதம், எழப்போகும் சார் மன்னர் என்றெல்லாம் ஏற்றிவிட்டார். ஒரே ஆள், ஒரே கதை, ஏழு வருடத்தில் இரண்டு நாடு. நீங்கள் எந்தப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குக் குடியுரிமை கொடுக்கப்போகிறீர்கள்?

கோப்லென்ஸ்வாசி எழுதியது:

ஐயோ, வருடத்தைக் கூட்டிப் பார்க்காமல் எழுதிவிட்டேன். தப்புதான். முதல் பதிவைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைக்கிறேன், அடுத்து வருபவர் பார்த்துச் சிரிக்கட்டும்.

பழையபுத்தகக்கடை எழுதியது:

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் பேசுகிறேன். என் தலைமுறைக்கு இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், மாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. சோவியத் புத்தகங்கள்: முன்னேற்றப் பதிப்பகம், அப்புறம் ராதுகா பதிப்பகம். கெட்டி அட்டை, பளபள தாள், விலையோ ஒரு சாப்பாட்டுக்குக்கூட வராது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சி வண்டி ஊருக்கு வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மாஸ்கோவில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். அந்தத் தமிழுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன்.

ஆனால் அந்த அலமாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ஒன்றே ஒன்றுதான்: ரஷ்ய இலக்கியம். ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரிய'ரைப் படித்துவிட்டு "ரஷ்யக் கதை" என்றுதான் சொல்லித் திரிந்தேன். அவர் கிர்கிஸ்காரர். கம்சாதவ் தாகெஸ்தானின் அவார் மொழிக் கவிஞர், அவரையும் ரஷ்யக் கவிஞர் என்றேன். இத்தனைக்கும் இவர்கள் இன்ன மொழிக்காரர்கள் என்று முன்னுரையிலேயே எழுதியிருப்பார்கள். முன்னுரையை யார் படித்தது?

அதனால் பெயர்ப்பலகை திருத்தத்துக்கு நான் எதிரி இல்லை. சிலையை இழுத்துத் தள்ளுவதைப் பார்த்தால்தான் வயிறு பிசைகிறது. கீவில் புஷ்கின் சிலையை 2023 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 200 வருடத்துக்கு முன் செத்துப்போன கவிஞன் இன்றைய ஏவுகணைக்கு என்ன செய்வான் பாவம்? கீவிலேயே பிறந்து வளர்ந்து ரஷ்ய மொழியில் எழுதிய நாவலாசிரியர் புல்காகவையும் விடவில்லை. அந்திரியிவ்ஸ்கி சரிவில் 13ஆம் எண் வீடு, அவர் நாவலில் வரும் வீடே அதுதான். அந்த அருங்காட்சியகத்தை மூடு என்று 2022இல் உக்ரைன் எழுத்தாளர் சங்கமே கேட்டது. எழுத்தாளனின் வீட்டை மூடச் சொல்வது எழுத்தாளர் சங்கம்! இதை எப்படி ஜீரணிப்பது?

மாம்பலம் ரயில் எழுதியது:

தோழர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன், அவர் அழகாகச் சொல்லிவிட்டார்.

லண்டன்குளிர் எழுதியது:

நான் ஓவியப் பக்கம் ஆள், அதனால் அந்த வழியாக வருகிறேன். அருங்காட்சியகங்கள் செய்ததையும் கொஞ்சம் பாருங்கள், கூத்து அங்கே இன்னும் ஜோர்.

இங்கே நேஷனல் கேலரியில் பிரெஞ்சு ஓவியர் தெகாவின் பாஸ்டல் (வண்ணக்கட்டி) ஓவியம் ஒன்று இருக்கிறது, மூன்று நடனப் பெண்கள், தலையில் மஞ்சள் நீல ரிப்பன். நூறு வருடத்துக்கு மேலாக அவர்கள் "ரஷ்ய நடனக்காரிகள்". 2022 ஏப்ரலில் பெயர் "உக்ரைன் நடனக்காரிகள்" என்று மாறியது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. உடையைப் பார்த்தாலே தெரிகிற விஷயம். பாரிஸில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரருக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ரஷ்யர்கள், அவ்வளவுதான். என் கேள்வி, இந்த உடையைப் பார்க்கிற கண் 2022 வரைக்கும் எங்கே போயிருந்தது? குண்டு விழுந்தபிறகுதானே ரிப்பனின் நிறம் தெரிந்தது?

நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2023இல் ரேப்பினை உக்ரைன் ஓவியர் என்று மாற்றியது. ரேப்பின் கதை கோகோல் கதையைவிடச் சிக்கல். 1844இல் கார்கிவ் அருகே சுகுயிவில் பிறந்தார். போர் தொடங்கிய முதல் நாளே குண்டு விழுந்த ஊர்களில் அதுவும் ஒன்று. வோல்கா நதியில் படகிழுக்கும் கூலிகளை வரைந்தவரும் அவர்தான், துருக்கி சுல்தானுக்கு நக்கல் கடிதம் எழுதும் ஸப்போரோஷிய கொசாக்குகளை வரைந்தவரும் அவர்தான். அந்தக் கொசாக் படத்தைப் பத்து வருடத்துக்கு மேல் இழைத்தார். பக்கத்தில் நின்று பாருங்கள், ஒவ்வொரு சிரிப்பும் ஒரு விதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவன், பல் போன வாயால் சிரிப்பவன், சிரிப்பு வராத மாதிரி நடித்துக்கொண்டு எழுதும் எழுத்தர். அரசனுக்கு அடங்காதவர்களைக் கொண்டாடும் இந்தப் படத்தை 35,000 ரூபிளுக்கு வாங்கியது யார் தெரியுமா? சார் மன்னர் மூன்றாம் அலெக்சாந்தர். கோப்லென்ஸ் சார் சொன்ன பாட் எம்ஸ்காரரின் மகன்! அப்பா போட்ட மொழித்தடை அப்போது நடைமுறையில் இருந்தது. மொழி அச்சில் வரக் கூடாது, ஆனால் அந்த மொழி பேசியவர்களின் மீசை சுவரில் தொங்கலாம். பேரரசுகளுக்கு அடங்கிப்போன ஊரின் நாட்டுப்புறம் என்றால் எப்போதும் கொள்ளை ஆசை. படம் இன்னும் பீட்டர்ஸ்பர்க்கில்தான் இருக்கிறது, அவரே வரைந்த இன்னொரு வடிவம் கார்கிவ் அருங்காட்சியகத்துடையது.

கடைசிக் காலத்தில் ரேப்பின் இருந்த குவோக்கலா கிராமம், புரட்சிக்குப் பிறகு எல்லை மாறி ஃபின்லாந்துக்குள் போய்விட்டது. சோவியத் அழைத்தும் அவர் திரும்பவில்லை, 1930இல் அங்கேயே காலமானார். போருக்குப் பின் அந்த இடம் சோவியத் கைக்கு வந்தது, 1948இல் ஊருக்கே "ரேப்பினோ" என்று பெயர் வைத்துவிட்டார்கள். திரும்பி வராதவரை ஊரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டார்கள்!

ஓவியர் மாலெவிச்சுக்கு வந்தால் இன்னும் மோசம், கீவில் பிறந்த போலந்துக் குடும்பத்துப் பிள்ளை. இன்னொரு ஓவியர் குயின்ட்சி மரியுபோலில் பிறந்த கிரேக்க வம்சாவளி. அவர் பெயரிலிருந்த மரியுபோல் அருங்காட்சியகக் கட்டடம் 2022 மார்ச்சில் குண்டில் நாசமானது. இவர்களுக்கெல்லாம் பெயர்ப் பலகையில் ஒரே ஒரு நாட்டின் பெயரைப் போட இடம் விட்டது யார் குற்றம்? பலகையைப் பெரிதாக்குங்களேன், மரம் என்ன அவ்வளவு விலையா? "கிரேக்கக் குடும்பம், மரியுபோலில் பிறப்பு, பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்வு" என்று எழுதினால் எவனுக்கு என்ன நஷ்டம்?

மாம்பலம் ரயில் எழுதியது:

அதான் சொல்றேன், பலகையே வேண்டாம். படத்தை மட்டும் பாருங்கள்.

நூலகப்பூனை எழுதியது:

மாம்பலம் சார், நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் "எழுத்தாளரைப் பங்கு போடாதீர்கள்" என்ற அதே வாதத்தை வேறு ஒருவரும் சொல்லியிருக்கிறார். 2021 ஜூலையில் புதின் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார், ரஷ்யர்களும் உக்ரைன்காரர்களும் ஒரே மக்கள் என்று. அதில் கோகோலைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இந்த மரபை ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் எப்படிப் பிரிப்பது, ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்கிறார். கேட்பதற்கு எவ்வளவு பண்பாக இருக்கிறது! ஏழே மாதம், 2022 பிப்ரவரியில் டாங்கி வந்தது. பங்கு வேண்டாம் என்று சொல்பவரின் கையில் மொத்தச் சொத்தும் இருந்தால் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே வேறு.

பழையபுத்தகக்கடை ஐயாவுக்கு. புஷ்கின் பாவம்தான், ஆனால் முழுக்கப் பாவம் இல்லை. 1831இல் போலந்துக்காரர்கள் கிளர்ந்தெழுந்து சார் படை அவர்களை நசுக்கியபோது, ஐரோப்பாவைப் பார்த்து, இது ஸ்லாவியர்களின் வீட்டுச் சண்டை, நீங்கள் தலையிடாதீர்கள் என்று கவிதை எழுதியவர் அவர். வீட்டுச் சண்டை என்ற அந்தச் சொல் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கெர்சோன் ரஷ்யப் பிடியில் இருந்த மாதங்களில், இது ரஷ்ய வரலாறு கொண்ட நகரம் என்று புஷ்கின் முகம் போட்ட பெரிய விளம்பரப் பலகைகளை வீதியில் வைத்தார்கள். மரியுபோல் நாடக அரங்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வெளியே தரையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தும் குண்டு போட்டார்களே, அந்த இடிபாட்டைச் சுற்றி மறைப்புத் தட்டி கட்டியபோது அதில் டால்ஸ்டாய் படம். கூடவே உக்ரைன் கவிஞர் ஷெவ்சென்கோ படம்! புஷ்கினைச் சிலை பீடத்திலிருந்து இறக்கியது உக்ரைன்காரர்கள்தான், சரி. அவரைச் சிப்பாயாகச் சேர்த்தது யார்?

ஷெவ்சென்கோவை அந்தத் தட்டியில் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பண்ணையடிமையாகப் பிறந்தவர், ஓவியர் பிரியூல்லோவ் வரைந்த ஓவியத்தை 2,500 ரூபிளுக்குக் குலுக்கலில் விட்டு அந்தக் காசில் 1838இல் அவரை மீட்டார்கள். உக்ரைன் மொழியில் கவிதை எழுதினார், 1847இல் பிடித்து ஓரென்பூர்க் பக்கம் சாதாரணச் சிப்பாயாக அனுப்பினார்கள். தண்டனைத் தாளில் முதலாம் நிகலாய் தன் கையாலேயே சேர்த்த வரி: எழுதவும் வரையவும் தடை. கவிஞரும் ஓவியருமான ஒருவருக்கு! அவர் சின்னச் சின்ன நோட்டுகள் தைத்து பூட்ஸுக்குள் செருகி வைத்துக்கொண்டு எழுதினார். நீங்கள் மதிக்கும் முற்போக்கு விமர்சகர் பெலின்ஸ்கி, கோகோலைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர், ஷெவ்சென்கோ அந்த மொழியில் எழுதுவதைக் கேலி செய்தவர். கோகோல் ஏன் ரஷ்ய மொழிக்குப் போனார் என்ற அண்ணாவின் கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. அவர் காலத்தில் சட்டம் தடுக்கவில்லை, சபை சிரித்தது. அது போதாதா?

பழையபுத்தகக்கடை எழுதியது:

பூனையம்மா, பெலின்ஸ்கி விஷயம் எனக்குத் தெரியாது. நாங்கள் படித்த முன்னுரைகளில் அவர் பெயர் வரும்போதெல்லாம் ஒளிவட்டம்தான் இருக்கும். ஆனாலும் புல்காகவ் வீட்டை மூடச் சொன்னது தப்பு என்பதில் நான் நிற்கிறேன். அவர் நாவலில் உக்ரைன் தேசியவாதிகளைக் கிண்டல் செய்திருக்கிறார் என்றால், அதையும் அந்த வீட்டிலேயே எழுதி மாட்டட்டும். லண்டன் தம்பி சொன்ன பெரிய பலகைதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

லண்டன்குளிர் எழுதியது:

ஐயா, புல்காகவில் நானும் உங்கள் கட்சி. ஆனால் ஒரு விஷயம். இங்கே ராயல் அகாடமியில் 2024இல் உக்ரைன் நவீன ஓவியக் கண்காட்சி வந்தது, 1900 முதல் 1930கள் வரை. போய்ப் பார்த்தேன். முதலில் மாட்ரிட்டுக்கு 2022 நவம்பரில் அந்தப் படங்களை லாரியில் ஏற்றிக் கீவிலிருந்து ரகசியமாகக் கொண்டுபோன நாளில் நாடு முழுக்க ஏவுகணை மழை. அந்தச் சுவர்களில் பாய்ச்சுக் என்ற பெயரைப் பார்த்தேன், நாற்பது வருடமாக ஓவியம் பார்க்கிறேன் என்று பீற்றிக்கொள்பவன், அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. சுவரோவியப் பள்ளி ஒன்றையே உருவாக்கியவர். 1937இல் சுட்டுக் கொன்றார்கள், சுவரோவியங்களையும் அழித்தார்கள். பலகையில் எந்த நாட்டின் பெயர் என்று நாம் சண்டை போடுகிறோமே, இவருக்கு மாட்டப் பலகைகூட இல்லை, சுவரே இல்லையே.

நூலகப்பூனை எழுதியது:

அந்த 1937தான். நவம்பர் 3ஆம் தேதி, ரஷ்யாவின் கரேலியாவில் சன்தர்மோக் என்ற காட்டில் நாடக இயக்குநர் லெஸ் குர்பாஸ், நாடகாசிரியர் கூலிஷ், கவிஞர் ஸெரோவ், எல்லோரையும் ஒரே நாளில் சுட்டார்கள். அந்தத் தலைமுறைக்கே "சுடப்பட்ட மறுமலர்ச்சி" என்று பெயர். கார்கிவில் எழுத்தாளர்களுக்கென்று கட்டிய "ஸ்லோவோ" குடியிருப்பு, அங்கே குடியிருந்தவர்களை ஒவ்வொருவராக அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டடமும் 2022இல் குண்டடி பட்டது.

இதை எழுதினால் நீளும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். வொலோதிமிர் வகுலென்கோ, குழந்தைகளுக்கு எழுதியவர், இஸியும் அருகே கபிதோலிவ்கா கிராமம். ரஷ்யப் படை ஊரைப் பிடித்ததும் நாட்குறிப்பு எழுதினார், 2022 மார்ச்சில் அவரைக் கூட்டிப்போவதற்கு முன் அதைத் தோட்டத்துச் செர்ரி மரத்தடியில் புதைத்து வைத்தார். திரும்பவில்லை. ஊர் மீண்ட பிறகு, செப்டம்பரில், நாவலாசிரியர் விக்தோரியா அமெலினா அங்கே போய் அவருடைய அப்பாவோடு மண்ணைத் தோண்டி அந்தத் தாள்களை எடுத்துக் கார்கிவ் இலக்கிய அருங்காட்சியகத்தில் சேர்த்தார். அந்த நாட்குறிப்பு புத்தகமானபோது முன்னுரையில் அமெலினா பயந்து எழுதியது, இன்னொரு சுடப்பட்ட மறுமலர்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்று. 2023 ஜூன் கடைசியில் கிரமத்தோர்ஸ்க் நகர உணவகத்தில் ஏவுகணை விழுந்தது, ஜூலை 1 அவர் இறந்தார். வயது 37. லிவிவில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்த பெண், உக்ரைன் மொழியில் எழுதினார். கோகோலுக்கு நேர் எதிர்த்திசை.

மாம்பலம் ரயில் எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை மேடம். அந்த நாட்குறிப்பு தமிழில் வந்திருக்கிறதா? இங்கிலீஷில் இருந்தாலும் சொல்லுங்கள்.

கோப்லென்ஸ்வாசி எழுதியது:

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, வந்து மொத்தமும் ஒரே மூச்சில் படித்தேன். நேற்று மதியம் அதே மேஜை. இந்தத் தடவை நான் தயாராகப் போனேன். கோகோல் காலத்தில் தடைச் சட்டமே இல்லையே, அவராகத்தானே போனார் என்று பூனையாரிடம் கடன் வாங்கியதை எடுத்துவிட்டேன். அவர் சிரித்தார். "எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது, பள்ளியில் கட்டாயப்படுத்திப் படிக்க வைத்தார்கள். நான் சொன்னது அவரைப் பற்றி இல்லை, எங்கள் எழுத்தைப் பற்றி" என்றார்.

விஷயம் இதுதான். Г என்ற எழுத்தை ரஷ்யர்கள் "க" என்று, ஆங்கில ஜி மாதிரி அழுத்திச் சொல்வார்கள். உக்ரைன் மொழியில் அதே எழுத்து "ஹ". அழுத்தமான ஒலிக்கு அவர்களிடம் சின்னக் கொம்பு வைத்த தனி எழுத்தே உண்டு, ґ. அந்த எழுத்தை 1933இல் சோவியத் அரசு நெடுங்கணக்கிலிருந்தே தூக்கிவிட்டது, 1990இல்தான் திரும்ப வந்தது. தன் பாட்டி எழுத்துக் கற்றபோது அது இருந்ததாம், அம்மா கற்றபோது இல்லையாம், மகனுக்கு இருக்கிறதாம்.

உங்கள் மொழியில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். காகித நாப்கினில் "கோகோல்" என்று எழுதிக் காட்டினேன். இதை எப்படி வாசிப்பீர்கள் என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நம் ககரம் சொல்லின் நடுவில் வந்தால் தானாகவே இளகிவிடுகிறது, "அகம்" "முகம்" சொல்லிப் பாருங்கள், பாதி ஹ தானே? மெதுவாகச் சொல்லிக் காட்டினேன். முன்னால் இருப்பது மாஸ்கோ, நடுவில் இருப்பது பொல்தாவா என்றார். நாப்கினை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், மகனிடம் காட்ட வேண்டுமாம்.